மணமான பிள்ளையும் குடிநுழைவு வரிசையும்: அமெரிக்கச் சட்டமும் தமிழ்க் குடும்பமும்

தமிழில் 'பிள்ளை' என்னும் சொல்லுக்கு வயது வரம்பு கிடையாது. மணமானவர், மணமாகாதவர் என்ற வேறுபாடும் கிடையாது. 60 வயது மகனைச் சுட்டி 85 வயதுத் தாய் 'என் பிள்ளை' என்று கூறுவதில் எவருக்கும் வியப்பு ஏற்படுவதில்லை. அமெரிக்க ஐக்கிய நாட்டின் குடிநுழைவுச் சட்டத்தில் நிலை வேறு. அங்கே ஒருவர் பிள்ளையாக இருப்பது 21 வயது நிரம்பும்வரைதான். அதற்கு முன்னரே அவருக்கு மணமாகிவிட்டால் அன்றைக்கே அத்தகுதி முடிவுக்கு வந்துவிடுகின்றது. அதன்பின் அவர் 'மணமான மகன்' அல்லது 'மணமான மகள்'. பெற்றோருடன் சேர்ந்து வாழ விரும்பினால் அவர் நிற்க வேண்டிய வரிசை பதினைந்து ஆண்டு நீளமுடையது.

இவ்வரிசை எவ்வாறு இயங்குகின்றது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இந்தியவியல் துறையைச் சார்ந்த நமக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். அமெரிக்காவில் குடியேறிய தமிழர்களின் உடன்பிறந்தோர் தமிழகத்திலும் இலங்கையிலும் இங்கும் இருக்கின்றனர். அவர்களுடைய பிறப்புச் சான்றிதழையும் திருமணச் சான்றிதழையும் ஆங்கிலத்தில் பெயர்த்துத் தருமாறு முதலில் நாடப்படுபவர் பெரும்பாலும் தமிழாசிரியரே. இரு மொழியும் அறிந்த ஒருவர், பெயர்ப்பு முழுமையானது, சரியானது என்று கையொப்பமிட்டுச் சான்றளித்தால் அமெரிக்க அதிகாரிகள் அதனை ஏற்கின்றனர். ஆனால் அத்தாள்களில் 'திருமண நாள்' என்னும் இடத்தில் நாம் எழுதும் ஒரு நாள், ஒரு குடும்பத்தின் பதினைந்து ஆண்டுகளைத் தீர்மானிக்கக்கூடியது என்பதை நம்மில் பலர் அறிவதில்லை.

இச்சட்டம் தமிழருக்கு எதிராக இயற்றப்பட்டதன்று. தமிழரை மனத்திற்கொண்டு இயற்றப்பட்டதுமன்று. ஆயினும் திருமணம் என்னும் ஒரே நிகழ்வுக்கு அச்சட்டம் தரும் பொருளும் தமிழ்க் குடும்பம் தரும் பொருளும் ஒன்றல்ல. இவ்விடைவெளியில்தான் குடும்பங்கள் சிக்கிக்கொள்கின்றன.

சட்டம் வகுத்த உறவுமுறை

இன்றைய அமைப்பின் அடித்தளம் 1965ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் அதிபர் லிண்டன் ஜான்சன் கையொப்பமிட்ட குடிநுழைவுச் சட்டமாகும். அதற்கு முன்னர் நாடுவாரியாக ஒதுக்கீடு இருந்தது. 1946ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவுக்குக் கிடைத்தது ஆண்டுக்கு 100 இடங்கள். 1965ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வொதுக்கீட்டை நீக்கிவிட்டுக் குடும்ப உறவுக்கு முதன்மை அளித்தது. அன்று குடும்ப உறவை வலியுறுத்தியவர்களுள் சிலர், ஏற்கெனவே அங்குள்ள ஐரோப்பிய வழியினரின் உறவினர்களே இதனால் மிகுதியாக வருவர் என்று எதிர்பார்த்தனர். விளைவு நேர்மாறாக அமைந்தது. வந்தவர்கள் ஆசியரும் இலத்தீன் அமெரிக்கரும். உறவுமுறை என்பது ஐரோப்பியரைவிட நமக்குச் சற்று நீண்ட சொல் என்பதை அவர்கள் கணக்கில் கொள்ளவில்லை போலும்.

இன்று நடைமுறையிலுள்ள பிரிவுகளை வகுத்தது 1990ஆம் ஆண்டுச் சட்டம். குடிமக்களின் கணவர் அல்லது மனைவி, 21 வயது நிரம்பாத மணமாகாத பிள்ளை, பெற்றோர் ஆகியோர் 'நெருங்கிய உறவினர்' எனப்படுவர். அவர்களுக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. ஏனையோருக்கு நான்கு முன்னுரிமைப் பிரிவுகள் உள்ளன. குடிமக்களின் மணமாகாத வளர்ந்த பிள்ளைகள் முதற் பிரிவு. நிரந்தரவாசிகளின் மனைவி மக்களும், மணமாகாத வளர்ந்த பிள்ளைகளும் இரண்டாம் பிரிவு. குடிமக்களின் மணமான பிள்ளைகள் மூன்றாம் பிரிவு. உடன்பிறந்தோர் நான்காம் பிரிவு.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிரந்தரவாசியாக மட்டும் உள்ள பெற்றோர் தம் மணமான பிள்ளைக்கு மனுச் செய்யவே இயலாது. அதற்கெனப் பிரிவே இல்லை. குடியுரிமை பெற்ற பிறகே அவ்வழி திறக்கின்றது. மணமாகாத பிள்ளைக்காக நிரந்தரவாசி செய்த மனு நிலுவையில் இருக்கும்போது அப்பிள்ளைக்கு மணமாகிவிட்டால் மனு தானாகவே இரத்தாகிவிடும். கடந்துபோன ஆண்டுகளும் அதனுடன் போய்விடும். மாறாக, மனுச் செய்த தந்தையோ தாயோ குடிமகனாக இருந்தால் மனு இரத்தாவதில்லை; முதற் பிரிவிலிருந்து மூன்றாம் பிரிவுக்கு மாறுகின்றது, பழைய பதிவு நாளும் நிலைக்கின்றது.

மணமானவர் தனிக்குடும்பமாகிவிட்டார், அவருக்குப் பெற்றோரின் தேவை குறைவு என்பது இவ்வகைப்பாட்டின் அடியிலுள்ள கருத்து. தமிழர் வழக்கில் மகளைப் பொறுத்தவரை இதற்கு ஓரளவு இணை உண்டு. பிறந்த வீடு, புகுந்த வீடு என்று நாமும் பிரித்துப் பேசுகின்றோம். மகன் செய்தி வேறு. மணமாகி மருமகள் வந்த பிறகே முதிய பெற்றோரைப் பேணும் பொறுப்பு மகனிடம் முழுமையாக வந்து சேர்வதாக நம் சமூகம் கருதுகின்றது. எந்த நிகழ்வு அவனைப் பெற்றோருடன் இறுக்கமாகப் பிணைப்பதாக நாம் எண்ணுகின்றோமோ, அதே நிகழ்வைக் காட்டி அமெரிக்கச் சட்டம் அவனைப் பின்வரிசைக்கு அனுப்புகின்றது.

வரிசையின் கணக்கு

மூன்றாம் பிரிவுக்கு ஆண்டொன்றுக்கு 23,400 விசாக்கள். மேற்பிரிவுகளில் எஞ்சுவதும் இதனுடன் சேரும் என்பது விதி, எஞ்சுவது அரிது. 23,400 என்பது குடும்பங்களின் எண்ணிக்கையன்று, தலைகளின் எண்ணிக்கை. மகள், மருமகன், இரண்டு பேரப்பிள்ளைகள் என்று நால்வர் செல்லும்போது நான்கு விசாக்கள் கழிகின்றன. குடும்பத்துக்கு நால்வர் என்று கொண்டால், உலகம் முழுமைக்கும் ஓராண்டில் இடம் பெறுவன 5,850 குடும்பங்களே. இதற்கும் மேலாக, குடும்பம், வேலை ஆகிய இரு வகை முன்னுரிமை விசாக்களின் மொத்தத்தில் எந்த ஒரு நாடும் 7 விழுக்காட்டுக்கு மேல் பெறலாகாது என்னும் வரம்பும் உண்டு.

மனு வந்து சேர்ந்த நாளே 'முன்னுரிமை நாள்'. அமெரிக்க வெளியுறவுத் துறை மாதந்தோறும் வெளியிடும் விசா அறிக்கையில் ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் எல்லை நாள் தரப்படும். தம் முன்னுரிமை நாள் அதற்கு முந்தியதாக இருந்தால் முறை வந்துவிட்டது என்று பொருள். 2024ஆம் ஆண்டு அக்டோபர் அறிக்கையில் மூன்றாம் பிரிவின் எல்லை நாள் 2010ஆம் ஆண்டில் இருந்தது. பிலிப்பைன்சில் பிறந்தவர்களுக்கு 2002. மெக்சிகோவில் பிறந்தவர்களுக்கு 2000. இப்பிரிவில் இந்தியாவுக்குத் தனி எல்லை நாள் இல்லை; இந்தியாவில் பிறந்தவரும் மலேசியாவில் பிறந்தவரும் ஒரே வரிசையில் நிற்கின்றனர். நான்காம் பிரிவில் இந்தியா சற்றுப் பின்தங்கியுள்ளது.

'பிறந்தவர்' என்று நாம் எழுதுவது வேண்டுமென்றேதான். சட்டம் பார்ப்பது பிறந்த நாட்டை; குடியுரிமையையன்று. திருச்சியில் பிறந்து மலேசியக் குடியுரிமை பெற்றவர் இந்தியக் கணக்கிலேயே சேர்வார். கணவனும் மனைவியும் வெவ்வேறு நாட்டில் பிறந்திருந்தால் இருவரில் எவர் நாட்டுக் கணக்கு ஏற்றதோ அதனைப் பயன்படுத்திக்கொள்ளலாம். பிள்ளைகள் பிறந்த நாட்டைக் காட்டிப் பெற்றோர் பயன்பெற இயலாது.

இவ்வறிக்கையைப் படிப்போர் பலரிடம் ஒரு தவறான புரிதல் உள்ளது. '2010ஆம் ஆண்டு மனுக்கள் இப்போது எடுக்கப்படுகின்றன. ஆகவே இன்று மனுச் செய்தால் பதினான்கு ஆண்டுகளில் கிடைக்கும்' என்று கணக்கிடுகின்றனர். அறிக்கை கூறுவது இன்று வாயிலை அடைந்தவர் எத்தனை ஆண்டு நின்றார் என்பதை மட்டுமே. இன்று கடைசியில் சேர்பவர் எத்தனை ஆண்டு நிற்பார் என்பது அவருக்கு முன்னால் நிற்பவர்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. எல்லை நாள் ஓராண்டுக்கு ஓராண்டு முன்னேறுவதில்லை. சில மாதங்கள் அசையாமல் நிற்கும்; சில வேளை பின்னோக்கியும் செல்லும். 2020ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் 2021ஆம் ஆண்டு பிப்ரவரி வரை, நோய்த்தொற்றுக் காலப் பிரகடனம் ஒன்றினால், வெளிநாட்டில் காத்திருந்த இப்பிரிவினருக்கு விசா வழங்குவது நிறுத்தப்பட்டிருந்தது. அவ்வாண்டு பயன்படாத குடும்ப விசாக்கள், சட்டத்தின் விதிப்படியே, அடுத்த ஆண்டில் வேலைவாய்ப்புப் பிரிவுக்குப் போயின. காத்திருந்தவர்களுக்கு அவை திரும்பி வரவில்லை.

காத்திருக்கும் காலத்தில் பெற்றோரைப் பார்த்துவரச் செல்வதும் எளிதன்று. வருகையாளர் விசாக் கேட்பவர், குடியேறும் நோக்கமில்லை என்பதைத் தாமே மெய்ப்பிக்க வேண்டும். தமக்காக எவரேனும் குடிநுழைவு மனுச் செய்துள்ளனரா என்ற கேள்வி விண்ணப்பத்திலேயே உள்ளது. 'ஆம்' என்று எழுதினால் விசா மறுக்கப்படும் என்பது விதியன்று; ஆனால் அதிகாரியின் ஐயத்தை அது வளர்க்கின்றது. 'இல்லை' என்று எழுதினால் அது பொய்யுரை. வாழ்நாள் தடைக்கே வழிகோலலாம். தாய் மருத்துவமனையில் இருக்கும்போது மகள் சென்னையில் இக்கேள்வியின் முன் அமர்ந்திருப்பாள்.

ஒப்புநோக்க ஒரு சொல். ஈழத்தமிழர் பெருந்தொகையாக வாழும் கனடாவில் இவ்வரிசையே இல்லை. அங்கே 'சார்ந்திருக்கும் பிள்ளை' என்பதன் வயது வரம்பு 2014ஆம் ஆண்டு 19 ஆகக் குறைக்கப்பட்டு, 2017ஆம் ஆண்டு மீண்டும் 22 ஆக உயர்த்தப்பட்டது. மணமான பிள்ளைக்குக் குடும்ப வகுப்பில் இடமே கிடையாது. அமெரிக்காவிலும் இப்பிரிவை நீக்க வேண்டுமென 1995ஆம் ஆண்டு அரசு ஆணையம் ஒன்று பரிந்துரைத்தது. 2017ஆம் ஆண்டு செனட் மசோதா ஒன்றும் அதையே முன்மொழிந்தது. இரண்டும் நிறைவேறவில்லை. இல்லையென்று கூறிவிடும் சட்டம் மேலா, உண்டு என்று கூறி நிறுத்திவைக்கும் சட்டம் மேலா என்று கேட்டால், நாம் இரண்டாவதையே தேர்வோம். ஆனால் அதன் விலை என்ன என்பதை மனுச் செய்யும் நாளிலேயே குடும்பத்தார் அறிந்திருத்தல் வேண்டும்.

தாய் எழுதும் தேர்வு

தமிழ்க் குடும்பங்கள் இவ்வரிசைக்கு வந்து சேரும் வழி பெரும்பாலும் ஒன்றே. மகன் வேலைக்குச் சென்று, காலப்போக்கில் குடிமகனாகின்றான். பெற்றோரை அழைத்துக்கொள்கின்றான், அவர்கள் நெருங்கிய உறவினராதலால் வரிசை இல்லை. மதுரையிலோ கிள்ளானிலோ மணமாகி வாழும் மகள் மட்டும் எஞ்சுகின்றாள். அண்ணன் அவளுக்காக நான்காம் பிரிவில் மனுச் செய்யலாம். அது மூன்றாம் பிரிவினும் நீண்டது. பெற்றோர் மனுச் செய்ய வேண்டுமானால் முதலில் அவர்கள் குடியுரிமை பெற வேண்டும்.

அதற்கு ஐந்தாண்டு நிரந்தரவாசம் தேவை. அவ்வைந்தாண்டில் பாதிக் காலமேனும் நாட்டினுள் இருந்திருக்க வேண்டும். ஒரே பயணத்தில் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே தங்கினால் தொடர் வாசம் அறுந்ததாகக் கருத இடமுண்டு; ஓராண்டானால் அறுந்ததேயாகும். மகளின் பேறுகாலத்துக்கு ஊர் சென்று குழந்தைக்கு எட்டு மாதம் ஆகும்வரை உடனிருக்கும் தாய், அம்மகளுக்காக மனுச் செய்யும் நாளைத் தானறியாமலே தள்ளிப்போடுகின்றாள்.

அடுத்தது ஆங்கிலம். மூன்று வாக்கியங்களுள் ஒன்றைச் சரியாக வாசிக்க வேண்டும். மூன்றனுள் ஒன்றைச் சொல்லக் கேட்டு எழுத வேண்டும். அதிகாரியின் கேள்விகளுக்கு ஆங்கிலத்தில் விடை கூற வேண்டும். 50 வயது கடந்து 20 ஆண்டு நிரந்தரவாசம் உடையவருக்கும், 55 வயது கடந்து 15 ஆண்டு உடையவருக்கும் ஆங்கிலத் தேர்விலிருந்து விலக்கு உண்டு. அவர்கள் குடிமையியல் கேள்விகளுக்குத் தம் தாய்மொழியிலேயே விடை தரலாம். 62 வயதில் அங்குச் சென்றவர் இவ்விலக்கைப் பெற 77 வயதாக வேண்டும். ஆகவே பெரும்பாலோர் 67, 68 வயதில் ஆங்கில எழுத்தைக் கையில் எடுக்கின்றனர். முதியோர் மொழிகற்றல் குறித்து நம் துறைகளில் ஆய்வேடுகள் வருகின்றன. மகளைப் பக்கத்தில் கொண்டுவருவதற்காக ஆங்கிலம் கற்கும் தாயின் கற்றல் ஊக்கம் எவ்வகையைச் சார்ந்தது என்று ஆராய எவரேனும் முன்வரலாம்.

தேர்வில் வென்று மனுவும் செய்தாயிற்று. அப்போது தாய்க்கு வயது 68 என்று கொண்டால், மகளின் முறை வரும்போது 83. மனுதாரர் இடையில் இறந்துவிட்டால் மனுவும் பொதுவாக இரத்தாகிவிடும். ஒப்புதல் பெற்ற மனுவை மனிதநேய அடிப்படையில் மீட்டுத் தருமாறு வேண்டலாம். அது அதிகாரியின் விருப்புரிமையைப் பொறுத்தது. 2009ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் தரும் பாதுகாப்பு, மனுதாரர் இறக்கும்போது அமெரிக்காவில் வசித்தவர்களுக்கே பயன்படும். தந்தை, தாய் இருவரும் குடியுரிமை பெற்றுத் தனித்தனியே மனுச் செய்வதும், அண்ணனின் மனுவையும் கைவிடாமல் வைத்திருப்பதும் இதனாற்றான்.

எது திருமண நாள்?

நம் நாட்டுத் தமிழ்க் குடும்பங்கள் மிகக் கவனமாக இருக்க வேண்டிய இடம் இதுவே. திருமணம் எந்த நாட்டில் நடந்ததோ அந்நாட்டுச் சட்டப்படி அது செல்லுமா என்பதையே அமெரிக்க அதிகாரிகள் பார்க்கின்றனர்.

இந்தியாவில் 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டப்படி, உரிய சடங்குடன் நடந்த திருமணம் பதிவு செய்யப்படாவிட்டாலும் செல்லும். 1967ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் திருத்தம் சுயமரியாதைத் திருமணத்துக்கும் அத்தகுதியை அளித்தது. 2009ஆம் ஆண்டுச் சட்டம் தமிழகத்தில் பதிவைக் கட்டாயமாக்கியது. எனினும் பதியாமையால் திருமணம் இல்லாமற் போய்விடாது. ஆகவே 'கோயிலில் தாலி கட்டிக்கொள்வோம். விசா வரும்வரை பதிவு செய்ய வேண்டாம். மணமாகாதவர் வரிசையிலேயே இருக்கலாம்' என்று எண்ணுவது தவறு. தாலி கட்டிய அன்றே திருமணம் நிறைவேறிவிட்டது. அதனை மறைத்துப் பெற்ற விசா எத்தனை ஆண்டுக்குப் பின்னும் கேள்விக்குள்ளாகலாம்.

மலேசியாவில் இது தலைகீழ். 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டச் சீர்திருத்தம் 1982ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தபின், முஸ்லிமல்லாதாருக்குச் சடங்கு மட்டும் போதாது. சட்டப்படி பதிவு பெற்றதே திருமணம். சிங்கப்பூரில் 1961ஆம் ஆண்டு மாதர் சாசனத்தின் நிலையும் இதனை ஒத்ததே. நம் குடும்பங்களில் வீடு வாங்குவதற்காகவோ மண்டபம் கிடைக்கும் நாளுக்காகவோ பதிவை முன்னரே முடித்துக்கொண்டு, தாலி கட்டுவதை ஆறு மாதமோ ஓராண்டோ கழித்து வைப்பது இயல்பான வழக்கமாகிவிட்டது. இடைப்பட்ட காலத்தில் அப்பெண் பெற்றோர் வீட்டிலேயே இருக்கின்றாள். உற்றார் பார்வையில் அவள் மணமாகாதவள். அமெரிக்கச் சட்டத்துக்கு அவள் பதிவன்றே மணமானவள். நிரந்தரவாசியான தந்தை செய்த மனு அவளுக்காக நிலுவையில் இருந்திருப்பின் அந்த ஒரு கையொப்பத்தோடு அது இரத்தாகிவிட்டது. தந்தைக்குக் குடியுரிமை கிடைக்கச் சில மாதங்களே இருந்திருக்கலாம். அதுவரை பதிவைத் தள்ளிவைத்திருந்தால் மனு முதற் பிரிவுக்கு ஏறி, பின்னர் மணமானதும் மூன்றாம் பிரிவுக்கு மாறி, பழைய முன்னுரிமை நாளுடன் நின்றிருக்கும். இந்நுணுக்கத்தைத் தரகர்கள் எடுத்துரைப்பதில்லை. பதிவு நாளையும் சடங்கு நாளையும் மொழிபெயர்ப்பில் ஒன்றாக்கிவிடாமல் மூலத்தில் உள்ளவாறே தனித்தனியே தருவது நம் கடமை.

பேரப்பிள்ளைகள்

மூன்றாம் பிரிவில் மகளுடன் அவள் கணவனும், 21 வயது நிரம்பாத மணமாகாத பிள்ளைகளும் செல்லலாம். மனுச் செய்தபோது ஆறு வயதாக இருந்த பேரன், பதினைந்து ஆண்டு கழித்து 21ஐ எட்டிவிடுகின்றான். தாயையும் மகளையும் சேர்ப்பதற்கென அமைந்த வரிசை, அதன் முடிவில் மகளையும் பேரனையும் பிரிக்கின்றது.

இதற்கு ஓரளவு பரிகாரமாக 2002ஆம் ஆண்டு ஆகஸ்டில் பிள்ளைத் தகுதிப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விசாவுக்குரிய முறை வந்த நாளில் பிள்ளையின் வயதைக் கணக்கிட்டு, அதிலிருந்து, மனு ஒப்புதலுக்காக அலுவலகத்தில் கிடந்த காலத்தைக் கழிக்க வேண்டும். வருவது 21க்குக் குறைவாக இருந்தால் அவன் பிள்ளையே. ஓராண்டுக்குள் விசாவுக்கான நடவடிக்கையைத் தொடங்கிவிட வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு: 2010ஆம் ஆண்டு ஜூனில் மனுச் செய்யப்பட்டு 2025ஆம் ஆண்டு ஜூனில் முறை வருவதாகக் கொள்வோம். பேரனுக்கு அப்போது 24 வயது. மனு ஐந்தாண்டு கிடந்து 2015இல் ஒப்புதல் பெற்றிருந்தால் சட்ட வயது 19, அவன் போகலாம். ஆறே மாதத்தில் ஒப்புதல் கிடைத்திருந்தால் சட்ட வயது இருபத்து மூன்றரை. அவன் போக முடியாது. அலுவலகத்தின் தாமதம் நன்மையாகவும் சுறுசுறுப்பு தீமையாகவும் முடியும் விந்தையான கணக்கு இது. ஒப்புதலுக்குப் பின் விசாவுக்காக வரிசையில் நின்ற காலம் கழிக்கப்படுவதேயில்லை. நீண்ட காத்திருப்பு என்பது பெரும்பாலும் அதுவேயாயினும்.

இவ்வாறு வயது கடந்தவர்கள் தாய் நின்ற வரிசையின் பழைய நாளையேனும் தமதாகப் பெறலாமா என்ற கேள்வி உச்சநீதிமன்றம் வரை சென்றது. 2014ஆம் ஆண்டு குவேயர் டி ஒசோரியோ வழக்கில் தீர்ப்பு வந்தது. எல் சல்வடோரைச் சேர்ந்த அப்பெண்மணிக்காக, குடிமகளான அவர் தாய் 1998ஆம் ஆண்டு மே மாதம் மூன்றாம் பிரிவில் மனுச் செய்தார். அப்போது அவர் மகனுக்கு 13 வயது. 2005ஆம் ஆண்டு நவம்பரில் முறை வந்தது. மகனுக்கு 21 வயது நிரம்பி நான்கு மாதம் ஆகியிருந்தது. மனு ஒரு மாதத்திலேயே ஒப்புதல் பெற்றிருந்ததால் கழிக்க அந்த ஒரு மாதமே இருந்தது. பழைய நாள் அவனுக்குக் கிடைக்காது என்று ஐவருக்கு நால்வர் என்னும் பெரும்பான்மையில் நீதிமன்றம் முடிவு செய்தது.

வயது கடந்த பேரனுக்கு எஞ்சும் வழி ஒன்று. தாய் நிரந்தரவாசியானதும் அவனுக்காக இரண்டாம் பிரிவில் புது மனுச் செய்யலாம். 2024ஆம் ஆண்டு அக்டோபரில் அவ்வரிசையின் எல்லை நாள் 2016இல் இருந்தது. அதுவரை அவன் மணம் செய்துகொள்ளலாகாது. செய்தால் மனு இரத்தாகும். ஐந்தாண்டு கழித்துத் தாய் குடியுரிமை பெற்ற பிறகு மணந்தால் மனு நிலைக்கும். அப்போது அவன் இருக்கும் இடம் மூன்றாம் பிரிவு.